அடுத்த நாட்டுப் பாட்டியின் குரலை யார் எடிட் பண்றது? ஐரோப்பியப் பள்ளிப் பரிமாற்றங்களின் உள்கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை எடுத்துவிட்டு, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிச்சப்ப பகுதிநேர வேலையா என்ன பண்ணீங்கன்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. எல்லாரையும் போலத்தான். கொஞ்ச நாள் குடோன்ல பார்சல் அடுக்கினேன், கொஞ்ச நாள் ஹோட்டல்ல பாத்திரம் கழுவினேன். ஆனா 2023 வசந்த காலத்துல ஒரு வாரம் மட்டும் ஒரு விசித்திரமான வேலை கிடைச்சது. மேற்கு ஜெர்மனியில ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்துல, அஞ்சு நாட்டுப் பசங்களுக்கு ஆடியோ எடிட்டிங் சொல்லிக்கொடுக்கற வேலை. மைக் முன்னாடி நான் உட்கார ஆரம்பிச்சதே அதுக்கு அப்புறம்தான். அதனால இன்னைக்கு அந்த வாரத்தைப் பத்தியும், அதுக்குப் பின்னாடி இருக்கற அமைப்பு எப்படி வேலை செய்யுதுங்கறதைப் பத்தியும் பேசலாம்.

எராஸ்மஸ்னு சொன்னா நம்ம பலருக்கு யூனிவர்சிட்டிதான் ஞாபகம் வரும். ஒரு செமஸ்டர் பார்சிலோனா, ஒரு செமஸ்டர் பிராக். அது உண்மைதான். 1987ல 11 நாடுகளோட, 3,244 கல்லூரி மாணவர்களோட அது அப்படித்தான் ஆரம்பிச்சது. ஆனா பள்ளிக்கூடங்களுக்குன்னு தனியா ஒண்ணு 1995ல வந்தது. பேரு கொமேனியஸ். அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் 1592ல மொராவியாவுல, அதாவது இன்னைய செக் நாட்டுல பிறந்த ஒரு ஆசிரியர். மதச் சண்டையில ஊரை விட்டுத் துரத்தப்பட்டு, வாழ்க்கையோட பெரும்பகுதியை நாடு நாடா அலைஞ்சு கழிச்சவர். குழந்தைகளுக்காகப் படம் போட்ட பாடப் புத்தகத்தை 1658ல கொண்டுவந்தவரும் அவர்தான். ஒரு அகதியோட பேரை ஒரு மாணவர் பரிமாற்றத்துக்கு வச்சது எனக்குப் பிடிச்சிருந்தது. 2014ல எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்து எராஸ்மஸ் பிளஸ்னு ஆக்கிட்டாங்க, அந்தப் பேரும் போச்சு. 2021ல இருந்து 2027 வரைக்குமான பட்ஜெட் சுமார் 2,600 கோடி யூரோ. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளோட ஐஸ்லாந்து, நார்வே, லிக்டன்ஸ்டைன், செர்பியா, வட மாசிடோனியா, துருக்கி, இவங்களும் முழு உறுப்பினர்கள். துருக்கியைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

பள்ளிக்கூடத்துக்கு இந்தப் பணம் எப்படி வருது? ஒவ்வொரு நாட்டுலயும் இதுக்குன்னு ஒரு தேசிய முகமை இருக்கு. பள்ளி அங்க விண்ணப்பிக்கணும். கூட்டாளிப் பள்ளிகளை ஆசிரியர்களே தேடிக்கணும். அதுக்கு 2005ல இருந்து இ-ட்வின்னிங்னு ஒரு ஆன்லைன் ஏற்பாடு இருக்கு. நிறைய ஜோடிகள் அங்கதான் சேருது, கிட்டத்தட்ட மேட்ரிமோனி மாதிரி. குழுவா போற மாணவர்கள் 2 நாள்ல இருந்து 30 நாள் வரைக்கும் தங்கலாம். ஆனா போற இடத்துல அந்த ஊர்ப் பள்ளி மாணவர்களோட சேர்ந்து படிக்கணும், வேலை செய்யணும். கோட்டையைப் பார்த்தோம், செல்ஃபி எடுத்தோம், வந்தோம்னு முடிக்க முடியாது.

இந்த விதி ஏன்? இங்கதான் எனக்கு விஷயம் சுவாரசியமாச்சு.

முதல் நாள் காலையில பசங்க வந்து இறங்கினாங்க. போலந்து, இத்தாலி, போர்ச்சுகல், துருக்கி, கூட உள்ளூர் ஜெர்மன் பசங்க. எல்லாருக்கும் 15, 16 வயசு. பெரிய ஹாலு, கேக்கு, ஆரஞ்சு ஜூஸ், கொடி ஒட்டின மேஜை. அரை மணி நேரம் கழிச்சுப் பார்த்தா ஒவ்வொரு நாட்டுக்காரங்களும் ஒவ்வொரு மூலையில. இத்தாலிக்காரங்க இத்தாலியன்ல சிரிக்கறாங்க, போலந்துக்காரங்க போன் பார்க்கறாங்க. நம்ம ஊர்க் கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒரு பக்கம், பொண்ணு வீட்டுக்காரங்க ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பாங்களே, அச்சு அசல் அப்படி. நான் அங்க இருந்த வரலாற்று டீச்சர்கிட்ட, "செட் ஆகல போலயே"ன்னேன். அவங்க கவலையே படல. "கேக் சாப்பிட்டு யாரும் ஃபிரண்ட் ஆகறதில்ல, நாளைக்குப் பாருங்க"ன்னாங்க.

அவங்க சொன்னதுக்குப் பின்னாடி ஒரு பழைய ஆய்வு இருக்கு. 1954 கோடையில, அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்துல ராபர்ஸ் கேவ்ங்கற பூங்காவுல, முசாஃபர் ஷெரிஃப்னு ஒரு உளவியலாளர் 22 பையன்களைக் கூட்டிட்டுப் போய் ரெண்டு அணியா பிரிச்சார். ஒரு அணி தனக்கு ராட்லர்ஸ்னு பேர் வச்சுக்கிச்சு, இன்னொண்ணு ஈகிள்ஸ். போட்டி வச்சதும் சில நாள்லயே கொடியை எரிக்கற அளவுக்குப் பகை. அப்புறம் சமாதானம் பண்ணப் பார்த்தாங்க. சேர்ந்து சினிமா பார்க்க வச்சாங்க, சேர்ந்து சாப்பிட வச்சாங்க. சாப்பாட்டை எடுத்து ஒருத்தர் மேல ஒருத்தர் வீசினதுதான் மிச்சம். எது வேலை செஞ்சதுன்னா, ரெண்டு அணியும் சேராம முடிக்கவே முடியாத வேலைகள். குடிதண்ணி நின்னுபோச்சு, சேர்ந்து போய்க் கோளாறைக் கண்டுபிடிச்சாங்க. லாரி ஸ்டார்ட் ஆகல, எல்லாரும் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தாங்க. இந்த ஷெரிஃப் துருக்கியில பிறந்தவர்ங்கறது ஒரு கொசுறுத் தகவல்.

அந்த ஆய்வை அப்படியே நம்பிடாதீங்க. தண்ணியை நிறுத்தினதும் அவங்கதான், லாரியைக் கெடுத்ததும் அவங்கதான். முந்தின வருஷம் இதே மாதிரி ஒண்ணு பண்ணப் போய், பையன்கள் ஆய்வாளர்கள் மேலயே சந்தேகப்பட்டு ஒண்ணு சேர்ந்துட்டாங்க, அது சொதப்பல். ஆனா அதே 1954ல கார்டன் ஆல்போர்ட்ங்கறவர் வேற வழியா இதே இடத்துக்கு வந்தார். ரெண்டு கூட்டத்தைப் பக்கத்துல வச்சா மட்டும் வெறுப்பு குறையாது. ரெண்டு பேருக்கும் சம அந்தஸ்து இருக்கணும், பொதுவான இலக்கு இருக்கணும், ஒத்துழைச்சுத்தான் முடிக்கணும், மேல இருக்கறவங்க அதை ஆதரிக்கணும்னு எழுதினார். பிறகு 2006ல பெட்டிக்ரூ, ட்ராப்னு ரெண்டு பேர் 515 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்ப, சந்திப்புங்கறதே பொதுவா நல்லது பண்ணுது, இந்த நிபந்தனைகள் இருந்தா இன்னும் நல்லது பண்ணுதுன்னு தெரிஞ்சது.

சரி, பள்ளிக்கு வருவோம். அந்த வாரத்துத் தலைப்பு: "சாப்பாடு கிடைக்காத காலத்துல நம்ம வீட்டுப் பெரியவங்க என்ன சாப்பிட்டாங்க?" ஒவ்வொரு குழுவும் தன் ஊர்ல ஒரு தாத்தாவையோ பாட்டியையோ பேச வச்சு ரெக்கார்ட் பண்ணி எடுத்துட்டு வந்திருந்தாங்க. இதையெல்லாம் சேர்த்து ஒரு ஆடியோ தொடரா பண்ணணும். டீச்சர் போட்டது ஒரே ஒரு விதி. உங்க நாட்டு ரெக்கார்டிங்கை நீங்க எடிட் பண்ணக்கூடாது.

நான் முதல்ல சிரிச்சுட்டேன். போலிஷ் ஒரு வார்த்தை தெரியாத ஜெர்மன் பையன் எப்படிப் போலிஷ் ஆடியோவை வெட்டுவான்? வாக்கியம் எங்க முடியுதுன்னே தெரியாதே. அப்புறம்தான் புரிஞ்சது. தெரியாதுங்கறதாலதான் போலந்துப் பொண்ணு பக்கத்துல வந்து உட்கார்ந்தே ஆகணும். அவளுக்கு மொழி தெரியும், ஆனா மவுஸ் அவன் கையில. ரெண்டாம் நாள் மத்தியானத்துக்குள்ள மூலைகள் எல்லாம் கலைஞ்சுபோச்சு. ஒரு ஹெட்போனை ரெண்டு காதுக்குப் பங்கு போட்டுட்டு, அரைகுறை இங்கிலீஷ்ல, "இங்க மூச்சு விடறாங்க, வெட்டாத"ன்னு கத்திக்கிட்டு இருந்தாங்க.

இப்ப நான் சொல்ல வந்த இடம்.

போலந்து ரெக்கார்டிங்ல பேசினது ஒரு எழுபது வயசுப் பாட்டி. அவங்க சொன்னது அவங்க அம்மாவோட கதை. போர் நடந்தப்ப அந்த அம்மாவுக்குப் பதினாறு வயசு. ஜெர்மனியில ஒரு பண்ணைக்குக் கட்டாய வேலைக்குக் கொண்டுபோனாங்க. போலந்துத் தொழிலாளிங்க சட்டையில 'பி'ங்கற எழுத்து போட்ட துணியைத் தைச்சுக்கணும்னு 1940லயே உத்தரவு போட்டிருந்தாங்க. ஜெர்மன்காரங்களோட ஒரே மேஜையில உட்கார்ந்து சாப்பிடக்கூடாதுங்கறதும் அந்த ஏற்பாட்டுல ஒண்ணு. பாட்டி அதைத்தான் விவரிக்கறாங்க. சமையலறையில யார் எங்க உட்கார்ந்தாங்க, தன் அம்மா எங்க நின்னுட்டுச் சாப்பிட்டாங்க, தட்டு எப்படித் தனியா இருந்தது. அதுக்கப்புறம், பண்ணைக்காரர் மனைவி ராத்திரியில யாருக்கும் தெரியாம ரொட்டி கொடுத்த கதையும் வருது.

எடிட் பண்ணின பையன் நல்ல பையன். வேலையும் சுத்தமா பண்ணுவான். ஆறு நிமிஷத்தை நாலு நிமிஷமாக்கணும், ஆக்கிட்டான். அந்தப் பொண்ணு கேட்டாள். முடிஞ்சதும் ஹெட்போனைக் கழட்டி மேஜை மேல வச்சுட்டு, "மேஜை எங்க?"ன்னாள். அவனுக்குப் புரியல. ரொட்டி கொடுத்தது முழுசா இருந்தது, மேஜை விதி ஒரு வரிகூட இல்ல. அவன் வேணும்னே வெட்டல. அதை நான் பக்கத்துல இருந்து பார்த்தேன். "அது நீளமா இருந்தது, ரொட்டிதான் அழகா இருந்தது"ன்னான். அவள் சொன்னாள்: "மேஜை இல்லாம ரொட்டி எதுக்கு ரகசியமா கொடுக்கணும்?"

ரெண்டு மணி நேரம் சண்டை. அழுகையும் கொஞ்சம். அவன் திரும்பி என்கிட்ட, "நீங்க வெளி ஆள், நீங்க சொல்லுங்க"ன்னான். நான் ஒரு எடிட்டரா மட்டும் பதில் சொன்னேன்: காரணத்தை வெட்டிட்டு விளைவை வச்சா கேக்கறவனுக்குக் கதை விளங்காது. ஒரே பந்தியில யார் உட்காரலாம், யார் உட்காரக்கூடாதுங்கற சங்கதி எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல. அதை அன்னைக்கு அந்த அறையில நான் சொல்லல. சொல்லியிருக்கலாமோன்னு பிற்பாடு பல தடவை நினைச்சிருக்கேன்.

மறுநாள் மேஜை திரும்ப வந்தது. இன்னொண்ணும் நடந்தது. பாட்டி குரல் உடைஞ்சு அழற ஒரு இருபது விநாடி இருந்தது. அதை அவன் வைக்கணும்னான், அவள் எடுத்துடுன்னாள். "எங்க பாட்டி அழறதை ஊரு கேக்க வேண்டாம்." இந்தத் தடவை அவன் விட்டுக்கொடுத்தான். ஃபைலோட நீளம் அஞ்சு நிமிஷத்துக்கு மேல போயிடுச்சு. டீச்சர் ஒண்ணும் சொல்லல.

இது ஏதோ ஒரு வகுப்பறையில தற்செயலா நடந்ததுன்னு நினைக்காதீங்க. அரசாங்கங்களே இதே வேலையைப் பெரிய அளவுல பண்ணியிருக்காங்க. பிரான்ஸும் ஜெர்மனியும் 1870ல இருந்து 1945க்குள்ள மூணு தடவை போர் பண்ணின நாடுகள். 1963 ஜனவரி 22ல டி கோலும் அடெனவரும் எலிசே ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க. அதே வருஷம் ரெண்டு நாட்டு இளைஞர்களுக்குன்னு ஒரு கூட்டு அலுவலகம் வந்தது. இதுவரைக்கும் 90 லட்சம் பேருக்கு மேல அதன் வழியா போய் வந்திருக்காங்க. ஒப்பந்தத்தின் 40வது ஆண்டுக்காக 2003ல பெர்லின்ல ரெண்டு நாட்டு மாணவர்கள் 500 பேருக்கு மேல கூடினாங்க. அவங்க வச்ச கோரிக்கை: எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வரலாற்றுப் புத்தகம் வேணும். கேட்டது பள்ளிப் பசங்க! 2006ல முதல் தொகுதி வந்தது. ஒரே பாடம், ஒரே படங்கள், ரெண்டு மொழி. 2008லயும் 2011லயும் அடுத்த ரெண்டு. எழுதினவங்களுக்குள்ள பெரிய தகராறு வந்தது உலகப் போரைப் பத்தி இல்லையாம், 1945க்கு அப்புறம் அமெரிக்காவோட பங்கு என்னங்கறதைப் பத்தியாம். எங்க முட்டும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது போல.

ஜெர்மனிக்கும் போலந்துக்கும் இது இன்னும் மெதுவா நடந்தது. ரெண்டு நாட்டு வரலாற்றாளர்களும் பாடப் புத்தகங்களைச் சேர்ந்து பார்க்கற குழு 1972லயே, பனிப்போர் நடுவுலயே, ஆரம்பிச்சாச்சு. இளைஞர் அலுவலகம் 1991ல. பொதுப் பாடப் புத்தகத்தின் முதல் தொகுதி வந்தது 2016ல. 44 வருஷம்! நம்ம ரெண்டு பேரும் ரெண்டு மணி நேரத்துல அஞ்சு நிமிஷ ஆடியோவை முடிச்சது சாதனைதான்னு அந்த டீச்சர் அவங்களைக் கிண்டல் பண்ணினாங்க.

இனி கசப்பான பகுதி. ஆல்போர்ட் சொன்ன முதல் நிபந்தனை ஞாபகம் இருக்கா? சம அந்தஸ்து. அது ரெண்டு இடத்துல உடையுது. வீட்டு வாசல்ல ஒண்ணு, எல்லையில ஒண்ணு.

வீட்டுல எப்படி? வர்ற மாணவர்களை உள்ளூர் மாணவர் வீட்டுல தங்க வைக்கறது பழைய வழக்கம். தோட்டம் வச்ச தனி வீட்டுப் பையன் உடனே கை தூக்குவான். ரெண்டு ரூம் ஃபிளாட்டுல நாலு பேர் இருக்கற வீட்டுப் பொண்ணு, "எனக்கு இந்த ப்ராஜெக்ட்ல ஆர்வம் இல்ல"ன்னு சொல்லிடுவாள். ஆர்வம் இல்லாம இல்ல, வெட்கம். வசதி குறைஞ்ச மாணவர்களுக்கு ஆகற கூடுதல் செலவை உண்மையான ரசீதுப்படி முழுசா தர எராஸ்மஸ் பிளஸ்ல வழி இருக்கு. ஆனா வெட்கத்துக்கு ரசீது கிடையாதே. அந்தப் பள்ளியில வந்தவங்க எல்லாரையும் ஒரு யூத் ஹாஸ்டல்ல தங்க வச்சுட்டாங்க. வீட்டுக் காலைச் சாப்பாடு, அம்மாக்களோட சைகை பாஷை, அதெல்லாம் போச்சு. ஆனா யாரும் ஒதுங்கல. வீட்டுல தங்கறதுதான் உண்மையான பரிமாற்றம்னு சில ஆசிரியர்கள் அடிச்சுச் சொல்வாங்க. எனக்கு இந்த ஹாஸ்டல் கணக்குதான் நியாயமாப் படுது.

எல்லை விஷயம் அவ்வளவு சுலபம் இல்ல. துருக்கி முழு உறுப்பினர்னு சொன்னேன்ல? பணத்துக்கு உறுப்பினர். ஆனா ஷெங்கன் விசா வேணும். இதுல ஒரு கொடுமை பாருங்க. துருக்கியில அரசு ஊழியர்கள் ஒரு குறிப்பிட்ட பணிநிலைக்கு மேல போயிட்டா பச்சை பாஸ்போர்ட் கிடைக்கும், அதுக்கு ஷெங்கன் விசா தேவையில்ல. கூட வந்த ரெண்டு டீச்சர்கிட்டயும் பச்சை. பசங்ககிட்ட சாதாரண பாஸ்போர்ட். அஞ்சு பேர் விண்ணப்பிச்சதுல மூணு பேருக்குத்தான் நேரத்துக்கு விசா வந்தது. விசா கட்டணத்தைத் திட்டமே தருது. அப்பாயின்ட்மென்ட் தேதியை யாரால தர முடியும்? இந்தியப் பாஸ்போர்ட்டோட வரிசையில நின்னிருக்கற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்ல.

வேணும்னு நினைச்சா வழி இருக்குங்கறதுக்கும் அதே அறையில ஒரு சாட்சி இருந்தான். ஜெர்மன் குழுவுல ஒரு சிரியப் பையன். அடுத்த சந்திப்புக்குப் போலந்து போகணும், சொந்த நாட்டுப் பாஸ்போர்ட் காலாவதி ஆயிடுச்சு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள வசிக்கற வெளிநாட்டு மாணவர்களுக்காக 1994லயே ஒரு ஏற்பாடு பண்ணியிருக்காங்க. பள்ளி ஒரு பட்டியல் தயாரிக்கும். அதுல மாணவர்கள் பேரு, ஃபோட்டோ, அதிகாரியோட முத்திரை. ஆசிரியர் கூட இருந்தா அந்தத் தாளே பயண ஆவணம், விசா வேண்டாம். ஒரு ஏ4 தாள்! ஆனா அது உள்ள வசிக்கறவங்களுக்கு மட்டும். துருக்கியில இருக்கற ரெண்டு பேருக்கு அது கிடையாது.

வர முடியாத அந்த ரெண்டு பேர்ல ஒரு பொண்ணு. போர்ச்சுகல் ரெக்கார்டிங் அவள் கைக்குத்தான் ஒதுக்கப்பட்டிருந்தது. மீன்பிடிக்கற ஊர்த் தாத்தா ஒருத்தர் மத்தி மீனைப் பத்திப் பேசற ஆடியோ. வேற யார்கிட்டயாவது மாத்திடலாமான்னு நான் கேட்டேன். டீச்சர் வேண்டாம்னுட்டாங்க, விதி விதிதான். அதனால தினமும் சாயங்காலம் போர்ச்சுகல் பசங்க லேப்டாப்பைத் திறந்து வீடியோ கால்ல அவளுக்காகக் காத்திருந்தாங்க. கடைசி நாள் அவள் ஃபைல் வராம தொடரை முடிக்க முடியல. மொத்த ஹாலும் ஒரு பொண்ணோட இன்டர்நெட்டுக்காக உட்கார்ந்திருந்தது. ராத்திரி பத்தரைக்கு வந்தது. அஞ்சு எடிட்லயும் அதுதான் சிறந்தது. சும்மா சொல்லல, தாத்தா வாய்விட்டுச் சிரிக்கற இடத்துல அலைச் சத்தத்தை எவ்வளவு அளவா விட்டிருந்தாள்னு நீங்க கேட்கணும்.

மறுநாள் எல்லாரும் ரைன் நதியில படகுல போனாங்க. யாரோ அவளுக்கு வீடியோ கால் போட்டுக் கரையைக் காட்டினாங்க. ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு, பரீட்சைக்குப் படிக்கணும்னு சொல்லி வச்சுட்டாள்.

அந்தத் தொடரை மொத்தமா நூறு பேர்கூடக் கேட்டிருக்க மாட்டாங்க. ஐரோப்பாவுல படிச்சுக்கிட்டு இதைக் கேக்கறவங்களுக்கு ஒரு தகவல் சொல்லிடறேன். இந்த மாதிரி ப்ராஜெக்ட் வாரங்களுக்கு வீடியோ, ஆடியோ, கோடிங், நாடகம் தெரிஞ்ச மாணவர்களைப் பக்கத்துப் பள்ளிகள் தேடிக்கிட்டே இருக்கும். யூனிவர்சிட்டி நோட்டீஸ் போர்டைப் பாருங்க, ஊர்ப் பள்ளி அலுவலகத்துக்கு ஒரு மெயில் போடுங்க. ஸ்டூடன்ட் விசாவுல எத்தனை மணி நேரம் வேலை பார்க்கலாம்ங்கற வரம்பை மட்டும் முன்னாடியே பார்த்துக்கோங்க. சம்பளம் குடோனை விடக் கம்மிதான்.